இரவுக்குப் படகை எங்கே நிறுத்துவது? பழையாறு முதல் முத்துப்பேட்டை வரை ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டா கடலோரத்தில் நங்கூரம் பிடிக்காமல் படகு கெட்டுப்போவது குறைவு. அடி பெரும்பாலும் மணல், சேறு, இல்லையென்றால் இரண்டும் கலந்தது. பொருத்தமான நங்கூரத்தைப் போதிய கயிறு விட்டுப் போட்டால் பிடித்துக்கொள்ளும். சிக்கல் காலையில் வருகிறது. இரவு நிம்மதியாகத் தூங்கிய ஆற்று வாயில் விடிந்து பார்த்தால் அலை உடைந்துகொண்டிருக்கும். அல்லது மேலே திறந்துவிட்ட தண்ணீர், ஆகாயத்தாமரையை மெத்தை மெத்தையாகக் கொண்டுவந்து கயிற்றில் குவித்திருக்கும். அதனால் இந்தக் கரையில் நிறுத்துமிடம் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கிருந்து எந்த நேரத்தில் வெளியே போக முடியும்? நங்கூரம் பிடிக்குமா என்பது அதற்கு அடுத்ததுதான்.

இங்கே கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது 7 முதல் 9 மீட்டர் நீள ஃபைபர் படகு. வெளியே தொங்கும் இன்ஜின், இறக்கினால் அரை மீட்டருக்குச் சற்று மேல் ஆழம் கேட்கும். இரண்டு முதல் நான்கு பேர், தூண்டிலுக்கோ சுற்றிப் பார்க்கவோ கரையோரமாகப் போகிறவர்கள். பெரிய படகுக்குக் கயிறு, நங்கூரக் கணக்கு மாறும். இடத்தின் குணம் மாறாது.

மீன்பிடித் துறைமுகம்

பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் ஒன்றிலிருந்து சுமார் 25 கிலோமீட்டருக்குள் அடுத்தது வந்துவிடும். இரவு தங்குவதற்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். அலை மறைப்பு, டீசல், ஐஸ், மெக்கானிக் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். வெளியே கடல் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆளும் உண்டு.

குறையும் உண்டு. இங்கே கட்டும் இடம் மீன்பிடிப்பவர்களின் பிழைப்பு இடம். மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்வது முறை. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்வது அதே அளவு முக்கியம். டெல்டாவின் மீனவ ஊர்களில் எந்தப் படகு எங்கே நிற்கலாம் என்பதை நடைமுறையில் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கேட்டால் இடம் கிடைக்கும். கேட்காமல் கட்டினால் விடியுமுன் அவிழ்த்து வேறு இடத்தில் விட்டிருப்பார்கள். அவர்கள் படகு வெளியே போக வேண்டுமே.

விசைப்படகோடு ஒட்டிக் கட்டாதீர்கள். அது நகரும்போது உங்கள் படகின் விளிம்பு நசுங்கும். ஃபைபர் படகு வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டு, பக்கத்துப் படகு எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முறை இதுதான்: கரைச் சுவருக்கு மூன்று படகு நீளத் தூரத்தில் பின்பக்கம் ஒரு நங்கூரத்தை இறக்கி, மெதுவாக முன்னே போய், அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, சுவரில் இரண்டு கயிற்றால் கட்டுவது. நீர் ஏறி இறங்குவது இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் கயிற்றுக்கு அவ்வளவு தொய்வு போதும். இரண்டு பக்கமும் பழைய டயர் தொங்கட்டும். துறைமுக அடியில் பழைய கம்பி, அறுந்த வலை, மற்றவர்களின் நங்கூரம் எல்லாம் கிடக்கும். நங்கூரத்தின் தலையில் 6 மி.மீ. கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையில் சிறு மிதவை வைத்துவிட்டால், சிக்கினாலும் தலைகீழாக இழுத்து எடுத்துவிடலாம். இதைச் செய்யாதவர்கள் கடைசியில் கயிற்றை அறுத்து நங்கூரத்தை விட்டுவிட்டுப் போக நேரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் எல்லாம் உள்ளேயே நிற்கும். அப்போது துறைமுகத்துக்குள் இடம் இருக்கும் என்று நம்பி மாலையில் போய்ச் சேராதீர்கள். முதல் நாளே போன் செய்து கேட்பது நல்லது.

ஆற்று வாய்க்கு உள்ளே

கொள்ளிடம், காவிரி, அரசலாறு, வெட்டாறு, கடுவையாறு. பார்வைக்கு இதைவிடச் சுகமான இடம் கிடையாது. அலை இல்லை, நல்ல சேற்றடி, காற்று மறைப்பு. அனுபவம் இல்லாதவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவத்தில் கரையோர மணல் தெற்கு நோக்கி நகர்கிறது. மற்ற மாதங்களில் தெற்கு அலை அதை வடக்கே தள்ளுகிறது. ஆற்றில் தண்ணீர் வேகமாக வரும்வரை வாய் திறந்திருக்கும். தண்ணீர் குறைந்ததும் மணல் வென்றுவிடும். கல் கொட்டிய தடுப்புச் சுவர் இல்லாத சிறு வாய்கள் கோடையில் ஆளே நடந்து கடக்கும் அளவுக்கு மூடிக்கொள்ளும். போன வருடம் பதிந்துவைத்த ஜி.பி.எஸ். தடத்தை இந்த வருடம் நம்பிப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அன்று காலை அந்த வாய் வழியாக வெளியே போய் வந்த ஒருவரிடம் கேட்பதுதான் வழி.

நுழைவது ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் இருக்கட்டும். வற்றும் நீர் ஆற்றிலிருந்து வெளியே ஓடும். எதிரே வரும் அலை அதில் மோதிச் செங்குத்தாக எழுந்து வாயில் கிடக்கும் மணல் திட்டின் மேல் உடையும். அதே அலை ஏற்ற நீரில் சாதுவாக உள்ளே போகும். ஏற்றத்தில் தரை தட்டினாலும் கொஞ்ச நேரத்தில் நீரே தூக்கிவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சியில் தரை தட்டாதீர்கள். அடுத்தடுத்த நாள் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். அதே உயரம் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குக் குறைவான கரையில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் நாகப்பட்டினத்துக்கான நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் அது சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

உள்ளே வந்த பிறகு, வளைவின் வெளிப்பக்கம் ஆழம் அதிகம். எல்லாப் படகும் போகும் தடமும் அதுவே. அங்கே நிறுத்தாதீர்கள். உள்பக்க ஓரத்தில், வற்று நேரத்திலும் ஒன்றரை மீட்டர் இருக்கும் இடம் போதும். இறக்கும் முன் கட்டுவலைக் கம்புகள் இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். ஏற்ற நீரில் கம்பின் தலை மட்டும்தான் தெரியும்.

ஆற்றில் ஓட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். ஒரே நங்கூரத்தில் நின்றால் படகு முழு வட்டம் அடிக்கும். இருபது மீட்டர் கயிறு விட்டிருந்தால் அந்த வட்டத்தின் குறுக்களவு, படகையும் சேர்த்து, 55 மீட்டரைத் தாண்டும். குறுகிய வாயில் அவ்வளவு இடம் கிடையாது. இங்கே இரண்டு நங்கூர முறைதான் சரி. முதல் நங்கூரத்தை ஆற்றின் மேல்பக்கம் இறக்குங்கள். கயிற்றை விட்டுக்கொண்டே 40 மீட்டர் பின்னே வந்து இரண்டாவதை இறக்குங்கள். முதல் கயிற்றை இழுத்து 20 மீட்டராக்கி, இரண்டாவதையும் அதே 20 மீட்டரில் நிறுத்தி, இரண்டையும் அணியத்திலேயே கட்டுங்கள். இரண்டாவதைப் பின்பக்கம் கட்டினால் ஓட்டம் குறுக்கே அடிக்கும்போது படகு பக்கவாட்டில் நின்று இரண்டு நங்கூரத்தையும் பிடுங்கிவிடும். கயிறுகள் சேரும் இடத்தில் இரண்டு கிலோ ஈயமோ கல்லோ தொங்கவிட்டால் அவை இன்ஜின் விசிறிக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று முறை ஓட்டம் மாறினால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். காலையில் முதல் வேலை அந்த முறுக்கைப் பிரிப்பது.

வெள்ளம் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்டாவில் வெள்ளத்தைச் சுமப்பது கொள்ளிடம். மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்துக்குத்தான் திருப்புகிறார்கள். மழை துளிகூடப் பெய்யாத ஆகஸ்டு மாதத்தில், கர்நாடகத்தில் பெய்த மழையால் பழையாறு பக்கம் ஆறு பெருகும். உபரிநீர் திறப்பு அறிவிப்பு வந்துவிட்டால் கொள்ளிடத்துக்குள் நங்கூரத்தில் நிற்க வேண்டாம். தண்ணீரின் வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதனோடு வரும் ஆகாயத்தாமரை, மரக்கிளை, வாழைக்கட்டை எல்லாம் கயிற்றில் அடைந்து, படகின் இழுவையைப் பல மடங்காக்கும். அந்த நேரத்தில் கயிற்றை அறுக்க அணியத்தில் ஒரு கத்தி தயாராக இருக்க வேண்டும். அவிழ்க்கலாம் என்று நினைத்தால் முடிச்சு இறுகியிருக்கும்.

அலையாத்திக் கழிகள்

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும். ஆசையாக இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் இரவு நிறுத்துமிடமாக இவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சட்டம் முதல் காரணம். பிச்சாவரம் 2022-லும், கோடியக்கரை 2002-லும் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன. முத்துப்பேட்டைக் காடு கோடியக்கரை ஈரநிலத்தோடு சேர்ந்தது. இரண்டும் வனத்துறைப் பொறுப்பில் உள்ளவை. அனுமதி இல்லாமல் இன்ஜின் படகில் நுழைவதே குற்றம். அங்கே தங்குவது பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அலையாத்தி நிலம் மிகக் கடுமையான முதல் வகையில் வருகிறது. நிரந்தரமாகக் கம்பு நட்டுக் கட்டுவதும் சிறு மேடை போடுவதும் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யக்கூடியவை அல்ல.

இரண்டாவது, தண்ணீரே இல்லை. முத்துப்பேட்டைக் காயலின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான். அங்கே ஓதத்தைவிடக் காற்றுதான் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறது. காற்று மாறினால் அட்டவணையில் இல்லாத நேரத்தில் படகு சேற்றில் உட்காரும். சேறு இன்ஜினின் குளிர்நீர்த் துளையை அடைக்கும். இறங்கித் தள்ளலாம் என்றால் கால் முழங்கால்வரை புதையும். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் ஆணிபோல் நிமிர்ந்து நிற்கும். சுரபுன்னையின் தாங்குவேரில் கயிறு கட்டுவது வசதியாகத் தெரியலாம். அலையில் கயிறு உரசிப் பட்டை போய்விட்டால் அந்த வேர் அழுகும். தயவுசெய்து செய்யாதீர்கள். 2004 சுனாமியின்போது அலையைத் தணித்த காடு இது.

பகலில் அனுமதியோடு, உள்ளூர்ப் படகோட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வெளியேறுங்கள்.

திறந்த கடல்

கரைக்கு எதிரே 5 முதல் 7 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்பது. பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, அமைதியான நாளில், மதியச் சாப்பாட்டுக்கோ தூண்டிலுக்கோ நல்ல இடம். இரவுக்கு இது கடைசித் தேர்வு. காற்று கிழக்கே திரும்பினால் கரை உங்களுக்குப் பின்னால் வந்துவிடும். இழுபட்டால் நேரே உடையும் அலைக்குள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எதிர்ப் பிரச்சினை: இழுபட்டால் ஆழ்கடலுக்குப் போவீர்கள், ஆழம் கூடக்கூடக் கயிறு போதாமல் நங்கூரம் மறுபடி பிடிக்கவே பிடிக்காது. கோடியக்கரைக்கு எதிரே அப்படி மிதந்தால், 1974 ஒப்பந்தம் வகுத்த இலங்கைக் கடல் எல்லை அந்தப் பக்கம் காத்திருக்கிறது.

ஒரு நன்மை உண்டு: எந்த நேரமும் புறப்படலாம். முகத்துவாரம் அடைத்துக்கொண்டு, அடுத்த துறைமுகத்துக்கு எட்ட முடியாத மாலையில், உடையும் திட்டைக் கடந்து உள்ளே போக முயல்வதைவிட வெளியே நிற்பது பாதுகாப்பு. அப்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் நங்கூர அலாரத்தை, விட்ட கயிறும் படகு நீளமும் சேர்ந்த தூரத்துக்கு மேல் பத்து மீட்டர் வைத்துப் போடுங்கள்.

நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுக எல்லைக்குள் கப்பல்கள் நிற்கவும் வரவும் தனி இடம் உண்டு. அந்த எல்லைக்குள் துறைமுக அதிகாரி சொல்வதே முடிவு. கப்பல் கால்வாயைக் குறிக்கும் மிதவையில் கயிறு கட்டக் கூடாது. தேசிய நீர்வரைவியல் அலுவலகத்தின் வரைபடத்தில் நங்கூரம் தடை என்று குறித்த இடங்களும் கடலடிக் குழாய்க் கோடுகளும் இருக்கும். புறப்படும் முன் அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கம், தஞ்சாவூர் மாவட்டக் கரையில் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடற்புல் மேல் நங்கூரம் இழுத்தால் புல் வேரோடு வரும், நங்கூரமும் புல்லை வாரிக்கொண்டு பிடிக்காது. தண்ணீருக்கடியில் வெளிறித் தெரியும் மணல் திட்டில் போடுங்கள்.

கரையில் இழுத்து ஏற்றுவதும் ஒரு வழிதான். டிராக்டர் உள்ள ஊரில், புயல் அறிவிப்பு வந்தால் இதுவே சிறந்தது. இன்ஜினைக் கழற்றி, படகைக் கடைசி வீட்டு வரிசை வரை கொண்டுபோக வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் கரையோரம் விட்டிருந்த படகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சாதாரண இரவுக்கு இது வீண் செலவு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணலில் வண்டி ஓட்டுவது தவறும்கூட.

விளக்கும் காகிதமும்

கடலில் மோதல் தவிர்ப்புக்கான 1972 சர்வதேச விதிகள் நமக்கும் பொருந்தும். நங்கூரத்தில் நிற்கும் 50 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும் இரவில் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வைக்க வேண்டும், பகலில் முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து தொங்கவிட வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் விளக்கு இரண்டு கடல் மைல் தெரிய வேண்டும். பனிமூட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஓசை எழுப்ப வேண்டும். குறுகிய கால்வாயில் முடிந்தவரை நங்கூரமே போடக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விளக்குத் தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். விதியைப் பாதி படித்ததன் விளைவு அது. மற்றப் படகுகள் வழக்கமாகப் போகாத இடத்தில் மட்டுமே அந்த விலக்கு. டெல்டாவின் ஆற்று வாய்களில் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே ஃபைபர் படகுகள் இருட்டில் வேகமாக வெளியே போகும். எனவே இங்கே விலக்கு பொருந்தவே பொருந்தாது. மினுக்கும் எல்.இ.டி. விளக்கும் வேண்டாம்: மீனவர்கள் வலை மிதவையில் கட்டுவது அதைத்தான். மினுக்கும் வெளிச்சத்தைப் பார்த்தால் வலை என்று நினைத்து ஓரமாக ஒதுங்குவார்களே தவிர, அங்கே ஆள் தூங்கும் படகு நிற்கிறது என்று நினைக்க மாட்டார்கள். நிலையாக எரியும் 3 வாட் விளக்கு, 12 மணி நேரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியில் 3 ஆம்பியர்-மணிதான் எடுக்கும். இன்ஜின் ஸ்டார்ட் பேட்டரியில் இணைக்காமல் தனி பேட்டரி வையுங்கள்.

ஆறு, கால்வாய், கழி ஆகியவற்றில் இன்ஜின் படகு ஓட்ட 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி பதிவுச் சான்றும் ஆய்வுச் சான்றும் தேவை. அடையாள அட்டை, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும். தரங்கம்பாடியைத் தாண்டித் தெற்கே வந்தால் காரைக்கால் புதுச்சேரி நிர்வாகம். நாகூரில் மறுபடி தமிழ்நாடு. இரண்டு பக்கமும் தனித்தனி மீன்வளத் துறை, தனித்தனி காவல். இரவு எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுராத்திரியில் ரோந்துப் படகு எழுப்பும் வேலை இருக்காது. அவர்கள் எண் 1093, கடலோரக் காவல் படை 1554.

கயிறும் நங்கூரமும்

கம்பி வளைத்துச் செய்த நாலுகொம்பு நங்கூரம் பாறைக்கும் பாருக்கும் (கடலடிப் பாறைத் திட்டுக்கும்) ஆனது. டெல்டாச் சேற்றில் அது வெண்ணெயில் கத்திபோல் கிழித்துக்கொண்டு வரும். அகலத் தகடுள்ள டான்ஃபோர்த் வகை, 7 அல்லது 8 கிலோ, இந்த அடிக்குச் சரி. அதன் குறை: காற்று திசை மாறும்போது பிடுங்கிக்கொண்டால், தகடுகளுக்கு இடையே சேற்றுருண்டை அடைத்து மறுபடி புதையாது. கோடையில் காலையில் நிலக்காற்று, மதியம் கடற்காற்று என்று தினமும் மாறும் கரை இது; காற்று திரும்பும் நேரத்தில் படகில் இருங்கள்.

5 மீட்டர் நீளம், 8 மி.மீ. சங்கிலி, அதற்குமேல் 12 மி.மீ. நைலான் கயிறு 50 மீட்டர். மலிவான பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கயிறு வாங்காதீர்கள். அது மிதக்கும், அடுத்த படகின் விசிறியில் சிக்கும், இழுவையில் நீளவும் செய்யாது. சங்கிலியைச் சேர்க்கும் கொக்கியின் திருகைக் கம்பியால் கட்டிவிடுங்கள். விட வேண்டிய நீளம்: ஆழம் 3 மீட்டர், இன்னும் ஏறக்கூடிய நீர் 0.7, அணியத்தின் உயரம் 0.8, மொத்தம் 4.5. பகலுக்கு அதன் ஐந்து மடங்கு, சுமார் 23 மீட்டர். இரவுக்கு ஏழு மடங்கு, சுமார் 32. ஆழத்தை மட்டும் பெருக்கி அணிய உயரத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு; ஆழம் குறைந்த இடத்தில்தான் அது அதிகம் கடிக்கும். இரண்டு நங்கூர முறையில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 20 மீட்டர் போதுவதும் இந்தக் கணக்கால்தான்.

ஒரு மார்ச் மாதப் பயணத்துக்கு

முதல் இரவு பழையாறு துறைமுகம். அடுத்தது பூம்புகார் அல்லது தரங்கம்பாடி. இரண்டில் எதில் இடம் இருக்கிறதோ அது. மூன்றாவது நாகப்பட்டினம், டீசல் நிரப்ப. அங்கிருந்து கோடியக்கரை முனை 50 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் குறைந்த கரை, நண்டு வலை நிறைய. விடியலில் புறப்பட்டால் மதியக் கடற்காற்று ஏறுமுன் முனைக்கு எட்டிவிடலாம். முனையைத் தாண்டினால் கரை தெற்கே பார்க்கும்: வாடைக்கு மறைவு, தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக்குத் திறப்பு. அக்டோபரிலிருந்து நாகைப் பக்கத்து மீனவர்கள் கோடியக்கரைக்கு இடம்பெயர்ந்து தங்கித் தொழில் செய்வது அந்த மறைவை நம்பித்தான். மார்ச்சில் சோழகம் தலைகாட்டத் தொடங்கும். அது வீசும் நாளில் முனையைச் சுற்றாமல் வடக்குப் பக்கமே நின்று, மறுநாள் காலை நீர் ஏறும்போது முத்துப்பேட்டைப் பக்கம் போங்கள்.